சீப்பில் வந்தவை

சின்னக்குட்டிக்கு,

அம்மாவுக்கு முடி வளர்கிறதா என்று கேட்டிருந்தாய். தினமும் வேரில் எண்ணெய் தேய்த்து அலசி, சூடு படாமல் துணிச்சுருளில் சுற்றிவிடுகிறேன். சுருண்டால் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறது.

"இங்க பாருங்க, நெத்தியோரம் புதுசா முளைக்குது!" என்பாள். முப்பது வருஷம் சலூனில் குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா? புது முடியின் நுனி கூராக இருக்கும். இவை நடுவில் ஒடிந்தவை. "ஆமாம்மா" என்பேன். சீப்பில் வருவதை அவள் பார்க்காமல் சட்டைப்பையில் திணித்துக்கொள்வேன்.

நேற்று அந்தச் சட்டையை அவளே துவைத்து மடித்து வைத்திருந்தாள். பை காலி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று காலையும் வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு எவ்வளவு முளைச்சிருக்கு?"

"நிறைய" என்றேன்.

வேறென்ன சொல்வது? தெரிந்தால் எழுது.

உன் அப்பா