படத்தில் நாலாவது ஆள்

அன்புள்ள மகள் நித்தியாவுக்கு,

கோலா சிலாங்கூரிலிருந்து அப்பா எழுதுவது. முட்டி வலியைத் தவிர இங்கே மற்ற எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை பவனேஷும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். அதில் நான் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் கட்டை விரலைக் காட்டி முடித்துவிடுகிறாய், காகிதத்தில் அந்த வசதி இல்லை. போன மாதம் பிரசவத்துக்கு நான் வரட்டுமா என்று கேட்டதற்கு, நீங்க வந்து என்னப்பா செய்யப் போறீங்க, டப்ளின் குளிரு உங்களுக்கு ஆகாது, நாங்களே பாத்துக்குறோம் லா என்றாய். சரிம்மா என்றேன். உடனே பிள்ளையின் அறையில் மாட்டுவதற்கு நம்ம மலைக்குரங்கு படம் ஒன்று வேண்டும் என்றாய். அழுகிற பிள்ளையின் கையில் மிட்டாயைத் திணிக்கிற வேலை அது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனாலும் எடுத்தேன். நம்ம புக்கிட் மெலாவத்தி மலை மேலே இருக்கும் லோத்தோங் குரங்கைப் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை நித்தியா, தாய் கரிச்சட்டி நிறம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம், வெளிச்சத்தைக் குட்டிக்குச் சரி செய்தால் தாய் காணாமல் போகிறாள், தாய்க்குச் சரி செய்தால் வானம் வெளுத்துப் போகிறது. முதல் படத்தில் குரங்கின் தலையிலிருந்து, பின்னால் இருந்த கலங்கரை விளக்கமே முளைத்திருந்தது. நீ சிரித்துவிட்டு, எதையும் நட்டநடுவுல வைக்காதீங்கப்பா, அது பாக்குற பக்கம் இடம் விடுங்க, வானத்தை விட்டுட்டு இருட்டா இருக்குற மரத்தைப் பின்னால வச்சு எடுங்க என்று குரல் பதிவு அனுப்பினாய். சாமியையும் கல்யாணப் பெண்ணையும் பிறந்தநாள் கேக்கையும் நடுவில் வைத்தே பழகிய மனுஷனுக்கு இது புதுப் பாடம். குரங்கின் கண் உயரத்துக்கு உட்கார்ந்து எடுக்கச் சொன்னாயே, உட்கார்ந்துவிட்டேன். எழுப்பிவிடத்தான் அப்பளசாமி வரவேண்டியதாயிற்று.

அவனை உனக்குத் தெரியும், என்னோடு பள்ளி பஸ் ஓட்டியவன். சுற்றுலா வந்தவர்கள் பயத்தங்காய் நீட்டும் இடத்தில் குரங்கின் பின்புறம்தான் கிடைக்கிறது என்று நாங்கள் தள்ளிப் போய் மழைமரத்தடியில் காத்திருந்தோம். அன்றைக்கு அதிர்ஷ்டம், பின்னால் கரும்பச்சை இலை, பக்கத்திலிருந்து காலை வெயில், பெற்றவள் மடியில் குட்டி, அதை வாங்கிக்கொள்ள இன்னொருத்தி கையை நீட்டுகிறாள். இந்தச் சாதியில் பெற்றவள் ஒருத்தி, தூக்கி வைத்திருப்பவர்கள் பலபேர், வர வேண்டாம் என்று எந்தக் குரங்கும் சொல்வதில்லை. நான் எதையும் குத்திக்காட்டவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பட்டனை அழுத்தப் போகும்போது அப்பளசாமி என் கையைப் பிடித்துவிட்டான். டேய் ரவி, மூணு பேரா எடுக்காதடா, ஆகாது, ஒண்ணைச் சேத்துக்க இல்லாட்டி கழிச்சுக்க என்கிறான். குரங்குக்குமா இந்தச் சாத்திரம் என்றேன். பச்சப்புள்ள இருக்குல்ல என்றான். அவனோடு வாதாடிக்கொண்டிருந்தால் குட்டி கைமாறிவிடும். அப்படியானால் நீயே போய் நாலாவதாக நில் என்றேன், மறுபேச்சில்லாமல் போய் நின்றுவிட்டான். இதோடு வைத்திருக்கும் படத்தின் இடது ஓரத்தில் மொட்டையாகத் தெரிவது பாறை இல்லை. மாப்பிள்ளையிடம் பாறை என்றே சொல்லிக்கொள்.

மூன்றாக இருந்தால்தான் படம் கண்ணுக்கு அழகு என்று நீ சொல்வாய் என்பது தெரியும். எனக்கும் அந்தச் சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் யோசித்துப் பார், அடுத்த மாதம் நீ, மாப்பிள்ளை, கையில் பிள்ளை, யாராவது ஒரு நர்ஸ் வந்து படம் எடுத்துவிட்டுப் போவாள். எத்தனை பேர் ஆயிற்று? அப்பளசாமிக்குத் தெரிந்தால் அவன் தாங்கமாட்டான். அவனுக்காகத்தான் நேற்று நான் டப்ளின் வர டிக்கெட் எடுத்துவிட்டேன், பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டாயே, சமைப்பேன், துணி மடிப்பேன், நீ தூங்கும்போது பிள்ளையை வைத்திருப்பேன். உன் அம்மா இருந்திருந்தால் கேட்டுக்கொண்டா வந்திருப்பாள். அவள் இல்லாமல் நீ பிள்ளை பெறப் போகிறாய் என்று நினைத்தால் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். படம் எடுக்கும்போது நான் நடுவில் நிற்க மாட்டேன் நித்தியா, ஓரமாகவே நிற்கிறேன். வேண்டாமென்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் நல்லபடியாக நடந்து தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. விமான நிலையத்துக்கு மாப்பிள்ளையை வரச் சொல்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ரவீந்திரன்