எண்ணெய் வாங்கிய கடையில் சொன்ன பொய்

நம் பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. சந்தையில் நான் பேரம் பேச ஆரம்பித்தாலே, யாரோ மாதிரி தள்ளிப் போய் நிற்பீர்களே, அந்த நான்தான் இங்கே தெருமுனைக் கடையில் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு பங்கு விலை கொடுத்து வந்திருக்கிறேன். நான் சமைக்கும் வீட்டு டிரைவர் எவ்வளவு கொடுத்தேன் என்று கேட்டுவிட்டு, பாட்டிலில் இருந்த விலையைப் பார்த்துவிட்டார். "வாங்க பாட்டி, அவனை ஒரு கை பாக்கலாம்" என்று கூட்டிப் போனார்.

கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார். "ஏம்மா, உங்ககிட்ட நான் ஜாஸ்தி வாங்கினேனா?"

"இல்லப்பா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

"நல்லாருக்கு பாட்டி, என்னைக் கோமாளியாக்கிட்டீங்க" என்றார் டிரைவர். எனக்கு உடம்பே கூசிவிட்டது.

விலை எனக்கு முதலிலேயே தெரியும். ஐந்தாவதோடு நின்றவளுக்கு எண் கூடவா படிக்கத் தெரியாது? ஆனால் எல்லோருக்கும் ஆக்கிப் போடுகிறவளை இங்கே யார் கேட்கிறார்கள்? அந்தக் கடைக்காரர் ஒருவர்தான் பையை நீட்டும்போது, "சாப்டீங்களாம்மா?" என்பார். நான் சொல்லி முடிக்கும்வரை கல்லாப் பக்கம் திரும்பமாட்டார்.

மருமகள் காதில் இதைப் போட வேண்டாம். யாராவது வந்தால் என் பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்புங்கள். போனில் நீங்களும் "சாப்ட்டியா" என்று கேட்கிறீர்கள். கேட்ட கையோடு போனைப் பேத்தியிடம் கொடுத்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

குழம்பு பொங்குகிறது, போகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி