கதையில் வந்த அக்கா

அக்கா,

சாவி பூச்சாடிக்குள். ரொட்டி மூடி வைத்திருக்கிறேன். நோர்வூட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டியாயிற்று.

டீச்சர் வாசிக்கச் சொன்ன சிறுகதையில், தங்கையின் படிப்புக்காக அக்கா கல்யாணமே வேண்டாமென்கிறாள். அவள் தெய்வம் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். நேற்று அதை வாசித்துவிட்டு, "அவகிட்ட யாராச்சும் கேட்டாங்களாடி?" என்று கத்தினாய். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காலையில் அதைக் கிழித்துவிட்டேன். தங்கை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று புதிதாக எழுதியிருக்கிறேன். இருந்தும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அதனால் உன்னிடமே கேட்கிறேன், உனக்கு என்ன விருப்பம்? மாப்பிள்ளையைப் பிடித்திருந்தால், என் படிப்பை நினைக்காமல் சரி என்று சொல்.

ஏஞ்சலா

பி.கு.: டியூஷன் வாசலிலிருந்து உனக்குப் போன் எடுத்துக் கேட்பேன். நீ கட்டும் என் டியூஷன் பீஸைப் பற்றிப் பேசினால் வைத்துவிடுவேன்.