பெயர்த்துணி

அன்புள்ள டார்லா,

ஆர்டித் அத்தை மாவு மூட்டைத் துணியில் தைத்து எனக்கென்று வைத்திருந்த இருபது நட்சத்திரச் சதுரங்களை, அவள் அடக்கத்தன்றே நீ காரில் ஏற்றிக்கொண்டு போனாய். இப்போது உன் மகள் கல்யாணத்துக்கு அவற்றைப் போர்வையாக்கித் தரும்படி எங்கள் தையல் குழுவையே கேட்டாய். முடித்துவிட்டோம்.

தைத்தவர் பெயரெழுதிய துணியைக் கடைசியில்தான் பின்பக்கம் வைப்போம். எங்கள் குழுவின் லவோன் தடுத்தாள்.

“அப்படி வச்சா உன் தங்கச்சி ரெண்டே நிமிஷத்துல பிரிச்சுடுவாடி. முதல்லயே வை, மேல இருக்கற நட்சத்திரத்தோடயும் சேர்த்துத் தச்சுடலாம்.”

அப்படியே செய்தோம். துணியில் எழுதியிருப்பது இது: ‘தைத்தவள் ஆர்டித். ஆறு வருடம் அவளைப் பார்த்துக்கொண்டவள் மூத்தவள். இளையவள் அடக்கத்துக்கு மட்டும் வந்தாள்.’ அதை வெட்டினால் நட்சத்திரங்களும் கிழியும்.

கல்யாணத்துக்குக் குழுவில் பதினோரு பேரும் வருகிறோம். எந்தப் போர்வையையும் நாங்கள் முதலில் திருப்பித்தான் பார்ப்போம். லவோனுக்குக் காது மந்தம், சத்தமாகத்தான் படிப்பாள்.

உன் அக்கா