எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார்கள், நிர்மலா

என் செல்ல நிர்மலா,

நீ இருந்திருந்தால் இந்தக் கோபத்தை உன்னிடம்தான் முதலில் கொட்டியிருப்பேன். இப்போது ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். படிக்கட்டும்.

நீ இணையத்தில் செய்த ‘கதவு’ பக்கத்தை நம் டவுன்ஷிப் கலைக் கண்காட்சியில் வைத்தார்கள். வைத்தார்கள் என்றா சொல்வது? அதைச் சாகடித்து, பாடம் பண்ணிச் சுவரில் மாட்டப் பார்த்தார்கள்.

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே குடும்பத்துக்கு வந்தவர்கள் நாம். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. நீ கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள். போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

உன் அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு உன் அம்மாவோடு திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டார். இந்த டவுன்ஷிப்பில் யாருக்கு வீடு சொந்தம்? வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பிறகு ஒருநாள் அந்த வீட்டு கேட் முன்னால் போய் நின்றிருக்கிறாய். புதிதாகக் குடிவந்த பெண் வெளியே வந்து, “யாரும்மா வேணும்?” என்று கேட்டாளாம். அங்கிருந்து நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாய்.

அதிலிருந்துதான் ‘கதவு’ பிறந்தது. உங்கள் பழைய தெருவின் வீடுகளைக் கோட்டோவியமாக வரைந்து இணையத்தில் ஏற்றினாய். ஒரு கதவைத் தொட்டால் தட்டும் சத்தம் கேட்கும். அந்த நேரத்தில் வேறு ஏதாவது ஊரில் யாராவது அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் அவர்கள் போனிலும் அந்தச் சத்தம் கேட்கும். அவர்களும் தொட்டால் இரண்டு பேர் திரையிலும் கதவு திறந்து உள்ளே விளக்கு எரியும். ஒருவர் விலகிப் போனால் சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான். பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் எண்ணும் கிடையாது.

நான் முதலில் தட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. “என்னடி, கெட்டுப் போச்சா?” என்றேன்.

“உள்ள யாரும் இல்லன்னா யாரு திறப்பாங்கக்கா?” என்று சிரித்தாய்.

மறுநாள் பள்ளி இடைவேளையில் மறுபடி தட்டினேன். திறந்தது! எந்த ஊரோ, யாரோ.

உன்னைத் தூக்கிப் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நீ இணையத்தில் செய்தது மகா மட்டம். பூ உதிரும், மழை பெய்யும், புல்லாங்குழல் வாசிக்கும். எல்லாரும் இதயம் போட்டுத் தள்ளினார்கள். “இதுல நீ எங்கடி இருக்க?” என்று கேட்டதற்கு எத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்! அதை நாளைக்கே அச்சடித்து காலண்டராகத் தொங்கவிடலாம், ஒன்றும் குறையாது. ‘கதவை’ அச்சடித்தால் என்ன மிஞ்சும்? சுமாராக வரைந்த ஒரு தெரு. இணையத்தில் செய்த ஒன்றை எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்: அதை அங்கிருந்து பிடுங்கினால் சாகுமா, சாகாதா?

கண்காட்சிக்குச் சென்னையிலிருந்து வந்த நடுவருக்கு இது புரியவில்லை. புரிந்துகொள்ள அவசரமும் இல்லை. “எத்தனை வியூஸ் மேடம்?” என்றார். கணக்கு இல்லை என்றேன். “ஒரிஜினல் எது?” என்றார். எல்லாம் ஒரிஜினல்தான் என்றேன். “அப்ப இதை எப்படி மதிப்பிடறது?” என்று கண்காட்சிச் செயலாளரைப் பார்த்துச் சிரித்தார். செயலாளரும் கூடவே சிரித்தார். ஒரு வீடியோ எடுத்து டிவியில் ஓட விடலாம், நாலு படத்தை ஃப்ரேம் போடலாம் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

அதைவிட என்னை எரிய வைத்தவன் உன் புருஷன் சேகர். “வீடியோவே எடுத்துக்கட்டும் அண்ணி. அதோட அந்தப் பக்கத்த மூடிடறேன்” என்றான்.

“ஏன்டா?”

“அவ போன்ல அது தெறந்தே கெடக்குது. அவ பொறந்த வூட்டுக் கதவத்தான் தட்டிக்கினே இருக்காங்க. திருநெல்வேலில இருந்து அத்தைதான், எனக்குத் தெரியும். நான் தெறந்தா மவதான் தெறக்கறான்னு நெனச்சிக்க மாட்டாங்களா?”

ஆனாலும் நான் விடவில்லை. கண்காட்சி அன்று காலையில் கம்யூனிட்டி ஹாலுக்குப் போய் அந்த வீடியோவை நிறுத்தினேன். வீட்டில் இருந்த உன் போனை எடுத்துவந்து டிவியோடு இணைத்து, பக்கத்தை உயிரோடு வைத்தேன். செயலாளர் ஓடி வந்தார். “டீச்சர், பர்மிஷன் இல்லாம என்ன இது?” வயரைத் தொட்டால் நடப்பதே வேறு என்றேன்.

மதியம் வரை ஒரு சத்தமும் இல்லை. நடுவர் முந்திரித் தட்டோடு வந்து நின்றார். “யாருமே இல்லையே மேடம்?” பிறகு குரலை இறக்கி, “குடும்பத்துல ஒரு சோகம், புரியுது. அதுக்காக இதைக் கலைன்னு சொல்லிட முடியுமா?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த முந்திரித் தட்டைத் தட்டிவிட்டிருப்பேன்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. டக், டக், டக். உங்கள் வீட்டுக் கதவு. ஹாலே திரும்பிப் பார்த்தது.

ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு சேகர் வாசலில் நின்றிருந்தான். எத்தனை நேரமாக நின்றானோ. நேராக வந்து போனைத் தொட்டான். கதவு திறந்தது. விளக்கு எரிந்தது. வெகுநேரம் எரிந்தது. அந்தப் பக்கம் இருந்தவர் போக மனமில்லாமல் நின்றிருக்க வேண்டும்.

கதவு சாத்திக்கொண்டதும் அவன் வெளியே போய் உன் அம்மாவுக்குப் போன் போட்டான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

“அத்தை, இப்பத் தட்டுனது நீங்கதான? தெறந்தது நான்தான் அத்தை.”

“இல்லியே மாப்ளே” என்றது உன் அம்மாவின் குரல். “அவ போனதுல இருந்து நான் அதத் தொடவே இல்லியே. எனக்குப் பயமா இருக்கு.”

சேகர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். இத்தனை நாளும் தட்டியது யார்? உனக்கு முன்னால் அந்த வீட்டில் வளர்ந்தவர்களா? அடுத்து வந்து காலி செய்தவர்களா? உன்னை யாரென்றே தெரியாத ஆட்கள், நிர்மலா.

தட்டியது எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை என்று உள்ளே போய் நடுவரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். “அப்ப தட்டினது யாருங்க?” என்றார். ‘மேடம்’ காணாமல் போயிருந்தது.

“தெரியாது சார்.”

“கண்டுபிடிக்க முடியாதா?”

“முடியாது. அப்படித்தான் செஞ்சிருக்கா.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. பரிசு ஒரு நீர்வண்ண மயிலுக்குப் போனது. போகட்டும். ஆனால் கார் ஏறும்வரை அவர் இரண்டு முறை அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த மயிலை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தை மூடுவதில்லை என்று சேகர் சொல்லிவிட்டான். காலை ஷிஃப்டுக்கு அவன் போகும் நாட்களில் உன் போன் என்னிடம் இருக்கும். ஆசிரியர்கள் அறையில், எல்லார் நடுவிலும், ஒலியை முழுக்கக் கூட்டி மேசைமேல் வைப்பேன். தலைமையாசிரியை முறைத்தாலும் சரி, எழுந்து போய்த் திறப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் மூத்த ஓர்ப்படி,
வசந்தா