எலிகள் பிழைத்தன

அன்புள்ள அம்மாவுக்கு, தேன்மொழி வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? நைனா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு இங்கே குளிரைத் தவிர ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். பூஞ்சையைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தில் துளி கதிரியக்கம் ஏற்றி, நோயுற்ற எலிகளுக்கு ஊசி போட்டிருந்தோம். எலிகள் பிழைத்துவிட்டன.

அதைப் போனில் சொன்னதும், "அப்பவே இந்த மருந்து இருந்திருந்தா நம்ம ரகு பொழச்சிருப்பானா, தேனு?" என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

தெரியாது அம்மா. இது வேறு பூஞ்சை. இந்த மருந்து மனிதருக்கு வரவும் வருடங்கள் ஆகும். கொரோனாவுக்குப் பின் ரகு அண்ணனுக்குப் பூஞ்சை கண்ணில் ஏறியபோது, "நீ படிச்சவளாச்சே, இன்னா மருந்து போட்டா சரியாவும்?" என்று என்னைத்தான் கேட்டான். நான் பதில் சொல்லும் முன்பே போய்விட்டான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்து அனுப்பு. அண்ணன் போனைச் சார்ஜில் போட்டு, அவன் குரல் பதிவு ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்பு. காசிமேட்டில் மீன் விலை பேசுவதாக இருந்தாலும் போதும்.

எலிகளுக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது.

உன் மகள்,
தேன்மொழி