ஒரே மருந்து, இரண்டு கடிதங்கள்

அன்புள்ள தங்கச்சி,

முழங்கால் வலி தேவலையா? நான்கு வருடம் ஓடக் கூடாது என்று ஆன பிறகு இதெல்லாம் ஒரு கேள்வியா என்று திட்டாதே.

இன்று தடகளச் சங்க அலுவலகத்தில் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். நம் நட்சத்திர ஓட்டக்காரரும் ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டியிருக்கிறார். உன்னை மாட்டிவிட்ட அதே சளி மருந்துதான். அளவு மட்டும் உன்னுடையதைவிடக் கூடுதல். 'அறியாமல் நேர்ந்த பிழை, எச்சரிக்கை போதும்' என்று செயலாளர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"பேரு வெளிய போகக் கூடாதுப்பா. பாவம், உலகப் போட்டி வருது" என்றார். விசாரணைக்கு முன்பே உன் பெயரை டிவிக்குக் கொடுத்தவர் இவர்தான்.

"என் தங்கச்சிக்கு மட்டும் ஏன் சார் நாலு வருஷம்?" என்று கேட்டே விட்டேன்.

"அவருக்கு டாக்டர் தெரியாம கொடுத்துட்டாரு. உன் தங்கச்சி, நானே வாங்கிக் குடிச்சேன்னு சொல்லிட்டாளே!"

என் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதென்று நீ சொன்ன அந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

களைப்பாக இருக்கிறது. நாளை மேல்முறையீட்டுக் குழுவுக்கு, யாரும் சொல்லாமல், நானே ஒரு கடிதம் அடிக்கப் போகிறேன். அதில் போடப்போகும் கையெழுத்தையே இதிலும் போடுகிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சளி மருந்தை உனக்கு வாங்கிக் கொடுத்த அண்ணன்